பழந்துறையும் புதுத்துறையும்: மரபுவழி மென்பொருளைப் பெயர்த்தமைத்தல் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவர் சிலர், தம் ஆய்வேட்டின் சுருக்கத்தைத் தமிழில் எழுதும் விருப்பத்தோடு கலைச்சொற்கள் கேட்டு ஒரு நாள் நம்மிடம் வந்தனர். 'லெகசி சிஸ்டம்' என்பதைத் தமிழில் எவ்வாறு வழங்கலாம் என்பது அவர்தம் முதல் வினா. 'பழைய மென்பொருள்' என்றார் ஒருவர். 'காலாவதியான மென்பொருள்' என்று திருத்தினார் மற்றொருவர். அவ்விரண்டும் நமக்கு நிறைவளிக்கவில்லை. 'லெகசி' என்பது முன்னோர் விட்டுச் சென்றதைக் குறிக்கும் சொல். முன்னோர் விட்டுச் செல்வதில் சொத்தும் உண்டு, கடனும் உண்டு. இரண்டையும் எண்ணி 'மரபுவழி மென்பொருள்' என்று பெயரிட்டோம்.

பெயரிட்ட பின்னர்தான் பொருளைக் கற்கத் தொடங்கினோம். பல்லாண்டுகளாக ஒரே பெருங்கணிப்பொறியில் இயங்கிவரும் வணிக மென்பொருளை, பல ஊர்க் கணிப்பொறிகளில் பரவி நின்று தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் 'பகிர்ந்தமை பொருள்' அமைப்பாக மாற்றும்போது எழும் சிக்கல்கள் யாவை, அவற்றைக் கடக்கும் நெறி யாது என்பதை மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் பொறியியல் கற்றவர் அல்லர். ஏடு பதிப்பித்தோர் வரலாற்றைப் பாடம் சொல்பவர். அந்நிலையில் நின்றே இப்பொருளை அணுகுகிறோம்.

தூத்துக்குடி கற்பிக்கும் பாடம்

நம் ஊர்த் துறைமுகத்தின் வரலாற்றிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1868ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி சிறு துறைமுகமாக விளங்கியது. கரையோரம் ஆழம் குறைவாதலின் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். தோணிகளே கரைக்கும் கப்பலுக்கும் இடையே சரக்கினைச் சுமந்தன. பின்னர்க் கடலுள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளும் இணையான இரு அலைதாங்கிகளை எழுப்பி, அவற்றினிடையே ஆழ்கடல் துறைமுகம் அமைத்தனர். அது 1974ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. பழைய சிறு துறைமுகமும் புதிய பெருந்துறைமுகமும் ஒரே பொறுப்புக் கழகத்தின்கீழ் இணைக்கப்பெற்றதோ 1979ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான்.

இவ்விரு தேதிகளுக்கும் இடைப்பட்ட காலத்தை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். புதுத்துறை எழுந்த மறுநாளே பழந்துறையை மூடிவிடவில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இரண்டும் தனித்தனி அமைப்புகளாக இருந்தன. பின்னர் ஒன்றாயின. ஒன்றான பின்னரும் பழந்துறையில் தோணிகள் சரக்கேற்றின; மாலத்தீவுக்குத் தோணி செல்வதை இன்றும் காணலாம். பழையது இயங்கிக்கொண்டிருக்க, அதன் அருகிலேயே புதியதை எழுப்பி, வேலையைச் சிறிது சிறிதாக அங்கு மாற்றுவதே பெருமாற்றத்தின் இயல்பு. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மென்பொருளுக்கு வருவோம்.

மரபுவழி மென்பொருள் என்பது யாது?

1960களிலும் 1970களிலும் வங்கி, காப்பீடு, இரயில்வே, மின்வாரியம் முதலிய பெருநிறுவனங்கள் தம் கணக்குகளைக் கணிப்பொறிக்கு மாற்றத் தொடங்கின. வணிகத்திற்கென்று அமைந்த கோபோல், அறிவியற் கணக்கிற்கென்று அமைந்த ஃபோர்ட்ரான் போன்ற நிரல்மொழிகளில் இலட்சக்கணக்கான வரிகள் எழுதப்பெற்றன. தரவு, கணக்கிடும் விதி, திரையில் காட்டும் முறை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருந்தன. ஓர் இழையை இழுத்தால் வலை முழுதும் அசையும்.

எழுதியவர் ஓய்வு பெற்றார், சிலர் மறைந்தனர். விதிகள் மாறும்போதெல்லாம் பின்வந்தோர் ஆங்காங்கே ஒட்டுப் போட்டனர். ஏன் இந்த ஒட்டு என்பதைக் குறித்து வைத்தவர் சிலரே. ஆயினும் அம்மென்பொருள் நாள்தோறும் பிழையின்றி வேலை செய்கிறது. பல்லாயிரவர் ஊதியமும் ஓய்வூதியமும் அதன் வழியே செல்கின்றன. மரபுவழி மென்பொருளின் பெருமையும் இடரும் இதுவே. அதனை யாரும் முழுதாக அறியார். அஃதின்றி யாராலும் இயங்கவும் இயலாது. ஆண்டினை இரண்டு இலக்கத்தால் மட்டும் குறித்த பழக்கத்தால், 2000ஆம் ஆண்டு பிறக்கும் முன்னர் உலகெங்கும் பழைய நிரல்களை வரிவரியாகத் தேடித் திருத்த நேர்ந்ததை மூத்தோர் நினைவுகூர்வர்.

பகிர்ந்தமை பொருள் என்பது யாது?

கணிப்பொறியியலில் 'பொருள்' என்பது, தனக்குரிய தரவையும் அத்தரவின்மீது செய்யத்தக்க செயல்களையும் ஒருங்கே அடக்கிய நிரற்கூறாகும். முத்து வணிகரிடம் செல்வோர் அவர் பெட்டியைத் தாமே திறந்து முத்தெடுப்பதில்லை. இன்ன எடையில் இன்ன தரம் வேண்டும் என்று கேட்பர். அவர் எடுத்துத் தருவார். பெட்டியை உள்ளே எவ்வாறு அடுக்கியுள்ளார் என்பது கேட்பவர்க்கு வேண்டாத செய்தி. அதுபோலவே ஒரு பொருள் தன் உள்ளமைப்பை மறைத்துக்கொண்டு, கேட்கத்தக்க வினாக்களின் பட்டியலை மட்டும் வெளியே காட்டுகிறது. அப்பட்டியலுக்கு 'இடைமுகம்' என்று பெயர்.

இத்தகைய பொருள்கள் ஒரே கணிப்பொறியில் இல்லாமல் பல ஊர்களில் பரவி நின்று, வலைப்பின்னல் வழியே ஒன்றையொன்று அழைத்துக்கொள்வதே பகிர்ந்தமை பொருள் கட்டமைப்பாகும். 1989இல் தோன்றிய 'ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்' என்னும் அமைப்பு, இதற்கான பொதுநெறியைக் 'கோர்பா' என்னும் பெயரில் 1991இல் வெளியிட்டது. வெவ்வேறு மொழியில் எழுதப்பெற்ற பொருள்களும் தம்முள் பேசிக்கொள்ள, பொதுவான இடைமுக வரையறை மொழியொன்றை அது வகுத்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'டிகாம்', ஜாவா மொழியின் 'ஆர்எம்ஐ' ஆகியனவும் அதே தசாப்தத்தில் எழுந்தன. பெருநிறுவனங்கள் பலவும் தம் பழைய மென்பொருளை இப்புதிய வடிவிற்குப் பெயர்த்தெழுத முனைந்தன. அப்பொழுதுதான் சிக்கல்கள் வெளிப்பட்டன.

இரயில்வே முன்பதிவு: ஒரு சான்று

நம் நாட்டில் இத்தகைய மாற்றத்தின் தெளிவான சான்றாக இந்திய இரயில்வேயின் பயணியர் முன்பதிவு அமைப்பினைச் சுட்டலாம். அது கோர்பா நெறியில் அமைந்ததன்று. எனினும் பகிர்ந்தமைதலின் அடிப்படைச் சிக்கல்கள் அனைத்தையும் எதிர்கொண்டது. 1985இல் புதுதில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கிற்று. அடுத்த ஆண்டு 'கிரிஸ்' எனப்படும் இரயில்வே தகவல் முறைமை நடுவம் நிறுவப்பெற்றது. பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களிலும் கணிப்பொறி மையங்கள் எழுந்தன. ஐந்து மையங்கள், ஐந்து தனித் தரவுக் களஞ்சியங்கள். முத்துநகர் விரைவு வண்டியின் இருக்கைக் கணக்கு சென்னையில் இருக்கும். தில்லியிலிருந்து புறப்படும் வண்டியின் கணக்கு தில்லியில் இருக்கும். தூத்துக்குடி வணிகர் ஒருவர் தில்லி சென்று மீள எண்ணினால், மீளும் பயணத்திற்கான இருக்கையை இங்கிருந்தே உறுதிசெய்தல் எளிதாயில்லை.

இதற்குத் தீர்வாக, ஐந்து களஞ்சியங்களையும் ஒரே ஊரில் கொண்டுபோய்க் குவிக்கவில்லை. தரவு இருந்த இடத்திலேயே இருந்தது. ஒவ்வொரு மையமும் தன் வண்டிகளுக்குப் பொறுப்பேற்று, மற்ற மையங்கள் கேட்கும் வினாவுக்கு விடையளிக்குமாறு 'கான்செர்ட்' என்னும் மென்பொருள் அமைக்கப்பெற்றது. அது முதலில் 1994இல் செகந்திராபாத்தில் நிறுவப்பெற்றது; ஐந்து மையங்களும் 1999 ஏப்ரலில் ஒரே வலைப்பின்னலாயின. முதல் மையத்திற்கும் முழு இணைப்புக்கும் இடையே ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கடந்தன. நம் துறைமுகத்திற்கும் அவ்வளவு காலமே ஆயிற்று என்பது தற்செயலே. எனினும் பொறுமை இரண்டிற்கும் பொது.

சிக்கல்கள்

1. எழுதப்படாத விதிகள்: பயணச் சீட்டு வழங்குதல் வெளிப்பார்வைக்கு எளிய செயல். உள்ளே நுழைந்தால் நிலையந்தோறும் ஒதுக்கீடு, மகளிர்க்கான ஒதுக்கீடு, அவசர ஒதுக்கீடு, காத்திருப்போர் வரிசை, பாதி இருக்கை தரும் ஆர்ஏசி, பலவகைக் கட்டணச் சலுகை எனக் கிளைத்துக்கொண்டே செல்லும். இவற்றுள் சில விதிகள் அச்சிட்ட நூலில் இருக்கும். சில நிரலுக்குள் மட்டுமே வாழும். புதிய மென்பொருள் எழுதுவோர் நூலை மட்டும் படித்து, நிரலைப் படியாதுவிடின், நிரலில் மட்டும் வாழ்ந்த விதி மடிந்துவிடும். விதி இருந்ததே, அது இல்லாமற்போன பின்னர்தான் தெரியவரும்.

2. தரவின் முரண்: இதனை எம் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றால் விளக்குவோம். எம் பெரியம்மா ஒருவர் கணவரை இழந்தவர். மாதந்தோறும் சிறுதொகை ஓய்வூதியமாகப் பெற்றுவந்தார். ஓர் அலுவலகத்தில் பழைய பதிவுகளைப் புதிய கணிப்பொறி அமைப்பிற்கு மாற்றியபோது, பெயரை 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என இரண்டாகப் பிரித்தனர். தமிழர்க்குக் குடும்பப்பெயர் இல்லை; தலைப்பெழுத்தே உண்டு. அதுவும் சிலர்க்குத் தந்தையினுடையது, சிலர்க்குக் கணவருடையது. எம் பெரியம்மாவின் பெயரிறுதியில் நின்ற 'பீவி' என்னும் மதிப்புச்சொல் குடும்பப்பெயராயிற்று. இயற்பெயர் பாதியாய் நின்றது. வங்கியேட்டின் பெயரோடு அது பொருந்தவில்லை. நான்கு மாதம் பணம் வரவில்லை. 'நான் நான்தான் என்று யாரிடம் போய்ச் சொல்வது?' என்று அவர் எம்மிடம் கேட்டார். நிரலில் ஒரு கட்டத்தைப் பிரித்தவர்க்கு அது அரைமணி வேலையாக இருந்திருக்கும். பெயர்த்தமைத்தலில் மிகுதியான உழைப்பை விழுங்குவது நிரல் அன்று, தரவே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்கு வேண்டுவதில்லை.

3. தொலைவும் தவறுதலும்: ஒரே கணிப்பொறிக்குள் ஒரு கூறு மற்றொன்றை அழைத்தால் விடை நொடியின் மிகச்சிறு பகுதியில் வரும், வராமற்போவதில்லை. வலைப்பின்னல் வழியே அழைத்தாலோ காலம் பன்மடங்கு கூடும்; வழியில் அறுந்தும் போகலாம். வெளியூர்ப் பொருளையும் உள்ளூர்ப் பொருளைப் போலவே நடத்தலாம் என்று கருதுவது பெரும்பிழை என, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜிம் வால்டோ முதலானோர் 1994இலேயே எடுத்துரைத்தனர். ஆகவே பழைய நிரலைச் சிறு துண்டுகளாக்கி ஊர்தோறும் வைத்தால் மட்டும் போதாது. ஓராயிரம் சிறு வினாக்களை அனுப்பாது, வேண்டுவனவற்றையெல்லாம் ஒரே செய்தியில் கேட்குமாறு இடைமுகத்தை வகுத்தல் வேண்டும். தோணி ஒவ்வொரு மூட்டைக்கும் ஒருமுறை கப்பலுக்குச் சென்று மீளுமாயின் சரக்கேற்றி முடியுமோ?

4. முழுமை: தூத்துக்குடியிலிருந்து தில்லி மையத்திடம் ஓர் இருக்கை கேட்கிறோம். தில்லி ஒதுக்கிவிட்டது; விடை வரும்முன் தொடர்பு அறுந்தது. மீண்டும் கேட்டால் இரண்டு இருக்கை பதிவாகலாம். கேளாதுவிடின் பதிவான இருக்கை பயன்படாமற் போகலாம். எனவே ஒரு கொடுக்கல் வாங்கல் முழுமையாக நிகழ வேண்டும், அல்லது சிறிதும் நிகழாதிருக்க வேண்டும் என்னும் நெறியை இரு ஊர்க் கணிப்பொறிகளும் சேர்ந்து காத்தாக வேண்டும். கான்செர்ட் அமைப்பில் இப்பணியை 'ஆர்டிஆர்' என்னும் இடைநிலை மென்பொருள் மேற்கொண்டது.

5. ஒரே இரவில் மாற்றும் ஆசை: பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஏறத்தாழ 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளை ஒரு வார இறுதியில் புதிய அமைப்பிற்கு மாற்றியது. தரவு சென்று சேர்ந்தது. ஆனால் புதிய அமைப்பு சுமை தாங்காமல் தடுமாறிற்று. ஏறக்குறைய 19 இலட்சம் பேர் தம் கணக்கினைக் காணவியலாமல் தவித்தனர். நிலைமை சீராக அவ்வாண்டு திசம்பர் வரை ஆயிற்று. 2022 திசம்பரில் ஒழுங்காணையங்கள் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுன் தண்டம் விதித்தன. செல்வமும் வல்லுநரும் நிறைந்த இடத்திலேயே இந்நிலை எனில், அவசரத்தின் விலையை நாம் உய்த்துணரலாம்.

கடக்கும் நெறிகள்

முதல் நெறி 'உறையிடுதல்' ஆகும். சிப்பியானது தன்னுள் புகுந்த அயற்பொருளை வெளியேற்ற இயலாதபோது அதன்மேல் படலம் படலமாக முத்துப்பூச்சினைச் சுரந்து மூடுகிறது. தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டதும் இவ்வியல்பைப் பயன்படுத்தியே. அதுபோலப் பழைய மென்பொருளின் உள்ளே கைவைக்காமல், அதனைச் சுற்றிப் புதிய இடைமுகத்தை அமைத்து, வெளியுலகிற்கு அதனை ஒரு பொருளாகக் காட்டலாம். 2002 ஆகத்து 3ஆம் நாள் ஐஆர்சிடிசி வழியே இணையத்தில் பயணச்சீட்டு வழங்கத் தொடங்கியபோது நிகழ்ந்தது இதுவே. பயணி கண்டது புதிய இணையப் பக்கம். பின்னணியில் இருக்கை ஒதுக்கியதோ பழைய முன்பதிவு அமைப்பே. ஆயின் உறை அழகாயிருப்பதால் உள்ளிருப்பது இளமையாகிவிடாது. 2010இல் நிறுவப்பெற்ற முன்பதிவுத் தளம் இட்டானியம் வழங்கிகளிலும் ஓபன்விஎம்எஸ் இயக்கமுறையிலும் அமைந்தது. நிமிடத்திற்கு 32,000 சீட்டு என்னும் அதன் ஆற்றலை ஒன்றரை இலட்சத்திற்கு மேல் உயர்த்தும் வகையில் முழுதும் புதுப்பிக்கும் திட்டத்தை இரயில்வே 2025இல் அறிவித்தது. உறையிடுதல் காலத்தை ஈட்டித் தரும், கடனைத் தீர்க்காது.

இரண்டாம் நெறி படிப்படியான மாற்றம். பறவை இட்ட எச்சத்தால் பனையின் மட்டையிடுக்கில் ஆல் முளைப்பதை நம் தேரிக்காட்டுப் பகுதியில் காணாதார் இலர். விழுது மெல்ல இறங்கும்; நிலத்தைத் தொடும்; பனையைச் சுற்றிப் படரும். பல்லாண்டு கழித்துப் பனை மறையும்போது ஆல் தன் காலில் நிற்கும். இதே இயல்புடைய மரத்தை ஆஸ்திரேலியாவிற் கண்ட மார்ட்டின் ஃபவுலர் என்னும் அறிஞர், 2004இல் மென்பொருள் மாற்றத்திற்கும் அதையே உவமையாக்கினார். ஒரு செயலை மட்டும் புதிய பொருளாக எழுதுக; அச்செயலுக்கான வினாக்களைப் புதியதற்குத் திருப்புக; அது நிலைபெற்ற பின்னர் அடுத்ததை எடுக்க.

மூன்றாம் நெறி இணையோட்டம். பழையதும் புதியதும் ஒரே தரவைக் கொண்டு சிலகாலம் ஒருங்கே இயங்க, இரண்டின் விடையையும் ஒப்புநோக்குதல். வேறுபாடு கண்டவிடத்துப் புதியதே சரி என்று முடிவுகட்டலாகாது. பழையதில் நாம் அறியாத விதியொன்று மறைந்திருக்கலாம்.

தமிழ் பயில்வோர்க்கு இதில் என்ன?

மூன்றாம் நெறியைக் கேட்டபோது நாம் வியப்படையவில்லை. ஏடுகள் பல தொகுத்து, பாடபேதம் ஒப்புநோக்கி, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் செய்ததும் அதுவே. எட்டயபுரத்தில் நினைவிடம் கொண்டுள்ள உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை 1842இல் அச்சில் கொணர்ந்த காயல்பட்டினத்து ஷெய்கு அப்துல் காதிர் நெய்னார் லெப்பை ஆலிம் புலவர் செய்ததும் அத்தகைய பணியே. புரியாத சொல்லைப் பிழையென்று வெட்டியெறியும் பதிப்பாசிரியன் நூலைக் கெடுப்பான். புரியாத நிரல்வரியை வேண்டாததென்று நீக்கும் பொறியாளனும் அத்தகையோனே.

இதன் மறுபக்கத்தையும் நாம் அறிவோம். எம் பாட்டனார் அரபுத்தமிழில் எழுதிய கணக்கேடும் கடிதங்களும் எம் வீட்டுப் பெட்டியில் உள்ளன. மொழி நம் தமிழே. எழுத்து அரபு எழுத்து. படிக்கவல்ல எம் தந்தையார் உயிரோடிருந்த நாளில் நாம் கேட்டு எழுதி வைக்கவில்லை. இன்று பெட்டி இருக்கிறது, ஏடு இருக்கிறது, திறவுகோல் இல்லை. எழுதியவர் ஓய்வுபெறும் முன்னர் அவரருகே அமர்ந்து கேட்டெழுதும் பணி எந்த மென்பொருள் திட்டத்திலும் முதற்பணியாக வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இப்பட்டறிவு பற்றியே. கேட்டெழுதுதல், தெளிவுறச் சொல்லுதல், சொல்லின் பொருள் எல்லையை வரையறுத்தல் ஆகியன மொழி பயின்றோர் வேலை. பெயரின் அமைப்பறிந்த தமிழாசிரியர் ஒருவர் உடனிருந்திருப்பின் எம் பெரியம்மாவின் நான்கு மாத அலைச்சல் நேர்ந்திராது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், மரபுவழி மென்பொருளைப் பெயர்த்தமைத்தல் கருவி மாற்றும் வேலை மட்டுமன்று, பல தலைமுறையின் நடைமுறை அறிவைச் சிதையாமல் மறு இல்லத்திற் சேர்க்கும் வேலை என்பது புலனாகும். புதியதும் ஒரு நாள் பழையதாகும் என்பதையும் மறத்தலாகாது. ஒருகாலத்துப் புதுமையாகிய கோர்பா, 2018இல் வெளிவந்த ஜாவா 11ஆம் பதிப்பில் இடம்பெறாமல் நீக்கப்பெற்றது. இன்று நாம் எழுதும் நிரலை நாளை ஒருவர் படித்துப் பெயர்த்தெழுதுவார். அவர்க்காக, ஏன் இவ்வாறு செய்தோம் என்பதை ஒரு வரியேனும் எழுதி வைத்தல் நம் கடன்.

கலைச்சொல் கேட்டு வந்த அம்மாணவர்கள் தம் ஏட்டில் 'காலாவதியான' என்னும் சொல்லை அடித்துவிட்டு 'மரபுவழி' என்று எழுதிக்கொண்டனர். அவர்களிடம் நாம் வேண்டியது ஒன்றே: உங்கள் நிரல் கேட்கும் பெயர்க் கட்டத்தில் நம் வீட்டு மூதாட்டியின் பெயர் முழுதாக நிற்குமா என்று முதலில் பாருங்கள்.